மழைக்காலக் காய்ச்சலுக்கு எதைக் குடிப்பது? நிலவேம்பு, கபசுரம், மஞ்சள், பப்பாளி இலை: ஓர் ஒப்பீடு

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் சென்னையில் டெங்கு, சிக்குன்குனியா, இன்ஃப்ளூயன்சா மூன்றும் ஒரே தெருவில் உலவும். பெயர் தெரியாமலே வந்து போகும் வைரஸ் காய்ச்சல்களும் கூடவே வரும். காய்ச்சல் அடித்த முதல் நாளே வீட்டில் பேச்சு தொடங்கிவிடுகிறது. நிலவேம்புக் குடிநீர் போடலாமா, கபசுரமா, மஞ்சள் பாலா, பப்பாளி இலையை அரைக்கலாமா, மருந்துக் கடையில் மஞ்சளின் சேர்மமான குர்குமின் கேப்ஸ்யூல் வாங்கலாமா?

காய்ச்சல் வீட்டில் நிதானமாகப் படிக்க நேரமிருக்காது. அதனால் எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேறு நோய் இல்லாத பெரியவர் ஒருவர், பாராசிட்டமாலும் போதிய நீராகாரமும் எடுத்துக்கொண்டு, கூடவே நிலவேம்புக் குடிநீரை அளவோடு இரண்டு மூன்று நாள் குடிப்பதில் பெரிய தவறில்லை. அது டெங்குவின் ஆபத்தான கட்டத்தைத் தடுக்கும் என்று நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. கபசுரம் சளிக்காய்ச்சலுக்கு மட்டும். மஞ்சள் சமையலில் போதும். காய்ச்சல் நாட்களில் கேப்ஸ்யூலாக வேண்டாம். பப்பாளி இலைச்சாறு வேண்டாம். இனி, ஏன் என்பதற்கான காரணங்கள்.

அழற்சியை எப்போது அடக்க வேண்டும்?

வைரஸ் நுழைந்ததும் உடல் காட்டும் எதிர்ப்பின் பெயர்தான் அழற்சி. காய்ச்சல், மூட்டு வலி, அசதி, தொண்டை வீக்கம் எல்லாம் அதன் வெளிப்பாடுகள். வைரஸைக் கட்டுப்படுத்துவதும் அதே எதிர்ப்புதான். ஆகவே ‘அழற்சியைக் குறைக்கும்’ என்று ஒரு பொருளைப் பற்றிச் சொன்னால், எந்த நோயில், எத்தனையாவது நாளில் என்று உடனே கேட்க வேண்டும்.

இதை நமக்குத் தெளிவாகக் காட்டியது கோவிட். 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தினம் 6 மில்லிகிராம் கொடுத்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை. அவர்களில் மருந்து எடுத்தவர்களில் 17.8 சதவீதம் பேரும் எடுக்காதவர்களில் 14 சதவீதம் பேரும் இறந்தார்கள். ஒரே மருந்து, ஒரே நோய். கொடுத்த கட்டம் மாறியதும் விளைவும் மாறிவிட்டது.

டெங்குவில் கதை இன்னும் சிக்கல். அங்கே உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பிளாஸ்மா கசிவு. ரத்தக்குழாயின் உள்சுவர் தளர்ந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே வடிந்துவிடுகிறது. அழற்சி தூண்டும் புரதங்களும், வைரஸ் வெளியிடும் என்எஸ்1 புரதமும் சேர்ந்து இதைச் செய்கின்றன. அப்படியானால் ஆரம்பத்திலேயே அழற்சியை அடக்கிவிட்டால் கசிவு நின்றுவிடுமே என்று தோன்றும். வியட்நாமில் 225 இளம் நோயாளிகளை வைத்து அதைத்தான் சோதித்தார்கள். பிரெட்னிசோலோனை மூன்று நாள் கொடுத்தும் ரத்த ஓட்டம் சரியும் அதிர்ச்சி நிலைக்குப் போவது குறையவில்லை. பிரெட்னிசோலோன் வலுவான அழற்சி அடக்கி. ரத்தத்தில் எவ்வளவு சேரும் என்று துல்லியமாகத் தெரிந்த மருந்து. அதுவே தடுக்காததை ஒரு குவளைக் கஷாயம் தடுக்கும் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆய்வகத் தட்டிலிருந்து ரத்தத்துக்கு

மூலிகைச் சேர்மங்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் செல்களை வளர்த்துச் சோதிக்கும் ஆய்வகத் தட்டிலிருந்து வருபவை. அவை பொய்யல்ல. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு, என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. செல்லுக்குள் அழற்சிக்கான மரபணுக்களை இயக்கிவிடும் முக்கியப் புரதங்களில் அது ஒன்று. அந்த இடம் பி50 துணைப்புரதத்தின் 62-ஆவது அமினோ அமிலமான சிஸ்டீன் என்பது வரை கண்டுபிடித்திருக்கிறார்கள். குர்குமினும் தட்டில் அதே பாதையை அடக்குகிறது.

சிக்கல் அளவில் இருக்கிறது. நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தில் ஒன்பது சரக்குகள் சம எடையில் சேர்கின்றன: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். ஒரு வேளைக்கு 5 கிராம் சூரணம் போட்டால் அதில் நிலவேம்பு சுமார் 0.55 கிராம். காய்ந்த மூலிகையில் ஆண்ட்ரோகிராஃபோலைடு தோராயமாக ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் என்று வைத்தால், ஒரு வேளைக்கு 5 முதல் 11 மில்லிகிராம். அது தண்ணீரில் எளிதாகக் கரையாது என்பதால் குவளைக்கு வந்து சேர்வது அதைவிடவும் குறைவு. லேசான கோவிட்டுக்குத் தாய்லாந்து அரசு அனுமதித்த அளவு ஒரு நாளைக்கு 180 மில்லிகிராம், ஐந்து நாள். நம் குடிநீரை இரண்டு வேளை குடித்தாலும் அதில் எட்டில் ஒரு பங்கு சேர்வதே கடினம். கபசுரத்தில் சரக்குகள் 15. அங்கே நிலவேம்பின் பங்கு இன்னும் சுருங்கி, 5 கிராமுக்கு 0.33 கிராமாகிறது.

அந்த 180 மில்லிகிராமுக்கே சான்று உறுதியாக இல்லை. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட 57 பேர் கொண்ட தாய்லாந்து ஆய்வின் முன்வெளியீடு (மற்ற ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன் வெளியிட்ட வடிவம்), புள்ளியியல் கணக்கில் பிழை இருந்ததால் திரும்பப் பெறப்பட்டது. சாதாரண சளி, இருமல், தொண்டை வலிக்கு மட்டும் நிலவேம்புக்குக் கொஞ்சம் மேலான ஆதாரம் உண்டு. 2017-இல் வந்த தொகுப்பாய்வு 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இருமலும் தொண்டை வலியும் குறைவதாகச் சொன்னது. ஆனால் அந்த ஆய்வுகளில் பலவற்றின் தரம் குறைவு என்பதையும் அதே தொகுப்பு குறிப்பிட்டது.

மஞ்சளின் கணக்கு இன்னும் கடுமை. அரைத் தேக்கரண்டி, அதாவது ஒன்றரை கிராம் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 45 மில்லிகிராம். தைவானில் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் சராசரி உச்ச அளவு 2 மைக்ரோமோலரைக்கூட (ரத்தத்தில் செறிவை அளக்கும் நுண்ணிய அலகு) எட்டவில்லை. தட்டில் அழற்சியை அடக்க வழக்கமாக அதைப் போலப் பல மடங்கு தேவைப்படுகிறது. மிளகு சேர்த்தால் சரியாகிவிடும் என்பவர்கள் மேற்கோள் காட்டுவது 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையை. அதில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் சேர்மமான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது உறிஞ்சப்பட்ட அளவு 2000 சதவீதம் கூடியது. பிரமிக்க வைக்கும் எண்தான். ஆனால் மிளகில்லாமல் 2 கிராம் கொடுத்தபோது ரத்தத்தில் அநேகமாக எதுவுமே காணவில்லை. இல்லாததைப் பல மடங்காக்கினாலும் கிடைப்பது கொஞ்சம்தான். அதுவும் 2 கிராமுக்கு. மஞ்சள் பாலில் இருப்பது அதில் நாற்பதில் ஒரு பங்கு.

இந்தக் கணக்குகளால் மஞ்சள் பாலை வெறுக்க வேண்டியதில்லை. சூடான பால் தொண்டைக்கு இதம், உடலுக்கு நீர், கொஞ்சம் புரதமும் கூட. அதற்காகக் குடிக்கலாம்.

நிலவேம்பு: சேர்ப்பதானால் எப்படி

2006-இல் தமிழ்நாட்டைச் சிக்குன்குனியா உலுக்கிய பிறகு நிலவேம்புக் குடிநீர் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது. 2012 டெங்குப் பரவலின்போது அரசே தெருக்களில் கொடுத்தது. ஆய்வகச் செல்களில் இரண்டு வைரஸ்களையும் அது ஓரளவு தடுப்பதாக முடிவுகள் வந்துள்ளன. மனிதர்களில் டெங்குக் கசிவையோ இறப்பையோ குறைத்ததாகக் காட்டும் பெரிய, கட்டுப்படுத்திய ஆய்வு ஒன்றுகூட இல்லை.

குடிப்பது என்று முடிவெடுத்தால் சரியாகச் செய்யுங்கள். சூரணம் 5 கிராம், தண்ணீர் 240 மில்லி. சிறு தீயில், மூடாத பாத்திரத்தில், 60 மில்லியாகச் சுண்டும் வரை காய்ச்சி வடிகட்டுங்கள். பெரியவர்களுக்கு அதுதான் ஒரு வேளை; நாளுக்கு இரண்டு வேளை, சாப்பிட்ட பிறகு. பொடி கொரகொரப்பாக இருப்பதால் தேக்கரண்டிக் கணக்கு ஏமாற்றும். ஒரே கரண்டியில் ஒருமுறை 2 கிராமும் மறுமுறை 4 கிராமும் வரும், ஆகவே சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுவதே நல்லது. எஃகு அல்லது மண் பாத்திரம் போதும், அலுமினியம் வேண்டாம்.

பொதுவாகச் செய்யும் தவறுகள் இவை. காலையில் காய்ச்சி ஃபிளாஸ்க்கில் ஊற்றி இரவு வரை குடிப்பது ஒன்று. காய்ச்சியதை மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் புளித்துக் கிருமி வளரும். காய்ச்சல் அதிகம் என்று இரட்டிப்பு அளவில் போடுவது இன்னொன்று. அப்படிப் போட்டால் கசப்பு கூடி வாந்திதான் வரும். கசப்பு தெரியாமலிருக்க நிறைய கருப்பட்டியோ தேனோ சேர்ப்பது சர்க்கரை நோயாளிக்கு ஆகாது. எல்லாவற்றிலும் மோசமானது, கஷாயம் குடித்த நிறைவில் தண்ணீர் குடிக்க மறப்பது. 60 மில்லி கஷாயம் நீராகாரக் கணக்கில் வராது.

சரக்கின் தரமும் கவனிக்க வேண்டியது. உதிரியாக நிறுத்துக் கொடுக்கும் பொடியில் எந்தச் செடி எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மழைக்கால ஈரத்தில் சென்னைக் கடைகளில் பூஞ்சை பிடிப்பதும் எளிது. அரசு நிறுவனமான டாம்ப்கால் தயாரிப்போ, திருவான்மியூர் இம்ப்காப்ஸ் தயாரிப்போ, உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் அச்சிட்ட சிறு பொட்டலமாக வாங்குங்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும், அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையிலும் சித்த மருத்துவரையே பார்த்துக் கேட்கலாம். வாட்ஸ்அப் அளவுகளைவிட அது எவ்வளவோ மேல்.

யார் தவிர்க்க வேண்டும் என்பதில் தயக்கமே வேண்டாம். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்பவர்களும் குடிக்கக் கூடாது. விலங்குச் சோதனைகளில் கருவுறுதலைப் பாதித்திருக்கிறது. சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் காய்ச்சலில் சாப்பாடு குறைந்த நேரத்தில் குடித்தால் சர்க்கரை தாழலாம். ரத்த அழுத்த மருந்தோடு சேர்ந்தால் அழுத்தம் மேலும் இறங்கலாம். அரிதாகக் கடுமையான ஒவ்வாமையும் வரும். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே நிலவேம்பு தயாரிப்புகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் தென்பட்டால் அடுத்த வேளை கிடையாது, உடனே மருத்துவமனைதான். சிறு குழந்தைகளுக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எதுவும் காய்ச்சிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை தொடர் வாந்தியும் தலைசுற்றலும் எச்சரிக்கை அறிகுறிகள். கசப்புக் கஷாயமும் அதே வாந்தியை உண்டாக்கும். அப்போது ‘கஷாயம் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டார் எளிதாக நினைத்துவிடுவார்கள். கசிவு தொடங்கியது கண்ணில் படாது. ஆகவே வாந்தி வந்தாலும் சரி, காய்ச்சல் இறங்கத் தொடங்கினாலும் சரி, கஷாயத்தை நிறுத்திவிடுங்கள்.

கபசுரம்

பெயரே சொல்வதுபோல இது கபம் சார்ந்த சுரத்துக்கான கூட்டு. இருமல், சளி, மூக்கடைப்போடு வரும் காய்ச்சலில் இதை யோசிக்கலாம். இதிலுள்ள ஆடாதோடை வீண் சரக்கல்ல. அதிலுள்ள வாசிசின் என்ற சேர்மத்தை அடிப்படையாக வைத்துத்தான் இன்று இருமல் மருந்துகளில் கலக்கும் புரோம்ஹெக்சினும் ஆம்ப்ராக்சாலும் உருவாயின. ஆனால் வாசிசின் கருப்பையைச் சுருக்கக்கூடியது. கர்ப்பிணிகளுக்குக் கபசுரம் ஆகாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சீந்திலும் இதில் உண்டு. கோவிட் காலத்தில் சீந்தில் பொடியும் மாத்திரையும் தொடர்ந்து எடுத்த சிலருக்குத் தன்னெதிர்ப்பு வகைக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். பிறகு வேறு ஊர்களிலிருந்தும் அப்படிச் செய்திகள் வந்தன. செடி மாறியிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. எது உண்மையானாலும் கல்லீரல் நோய், தைராய்டு, முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் உள்ளவர்கள் கபசுரத்தைத் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்களும் ‘எதிர்ப்புச் சக்திக்கு’ என்று மாதக்கணக்கில் குடிக்கக் கூடாது. கோவிட்டில் இதற்கு நடந்த ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் தானாகவே குணமாகும் லேசான நோயாளிகளிடம் நடந்தவை. தொண்டைக்கும் சளிக்கும் இதமளிக்கும், அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். டெங்குச் சந்தேகம் இருந்தால் இதைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை.

குர்குமின் கேப்ஸ்யூல்

உறிஞ்சப்படுவது கூட வேண்டும் என்று பைப்பரின் சேர்த்தோ நுண்துகளாக்கியோ விற்கும் கேப்ஸ்யூல்கள் இன்னொரு பிரச்சினையைக் கொண்டுவருகின்றன. அமெரிக்காவில் மஞ்சள் தயாரிப்புகளால் கல்லீரல் பாதித்த 10 பேரின் விவரம் 2022-இல் வெளியானது. ஐந்து பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது, ஒருவர் இறந்தார். ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல் என்றும் தெரிந்தது. டெங்குவே கல்லீரல் நொதிகளை ஏற்றிவிடும் நோய். காய்ச்சலுக்கு எடுக்கும் பாராசிட்டமாலைக் கையாள்வதும் கல்லீரல்தான். அந்த வாரத்தில் மூன்றாவது சுமையை அதன்மேல் ஏற்ற வேண்டுமா? பைப்பரின் குர்குமினோடு நிற்பதும் இல்லை. வலிப்புக்கான பெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் இவற்றின் ரத்த அளவையும் உயர்த்துகிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்குக் குர்குமினே ஆபத்து.

சமையல் மஞ்சளுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பளபளக்கும் மஞ்சள் நிறத்துக்காக ஈயக் குரோமேட் பூசுவது தெற்காசியச் சந்தைகளில் நடக்கிறது. 2024-இல் வெளியான ஆய்வில் சென்னையில் வாங்கிய மாதிரிகளிலும் அனுமதித்த அளவைத் தாண்டிய ஈயம் இருந்தது. கண்ணைப் பறிக்கும் நிறமுள்ள கிழங்கை விட்டுவிட்டு, மங்கலான, மெருகேற்றாத கிழங்கை வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

பப்பாளி இலையும் பிளேட்லெட் பயமும்

இதற்கு ஓரளவு உருப்படியான ஆய்வு இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. 2013-இல் மலேசியாவில் டெங்கு நோயாளிகள் 228 பேரைச் சீட்டுப்போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு 50 கிராம் இலையின் சாற்றைத் தினம் ஒரு வேளை, மூன்று நாள் கொடுத்தார்கள். அவர்களின் பிளேட்லெட் எண்ணிக்கை வேகமாக ஏறியது. இலைச்சாற்று மாத்திரை 1100 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, ஐந்து நாள் என்று மருந்துக் கடைகளில் கிடைப்பதும் இந்த அடிப்படையில்தான்.

பிளேட்லெட் ஏறியதால் யாருக்காவது கசிவு நின்றதா, ரத்தப்போக்கு குறைந்ததா, உயிர் பிழைத்ததா என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை. டெங்குவில் பிளேட்லெட் ஏழாம் எட்டாம் நாளில் தானாகவே ஏறும். ஐந்தாம் நாள் எதைக் குடித்தாலும் எட்டாம் நாள் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். சென்னை வீடுகளில் எல்லோரும் பிளேட்லெட் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஹெமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதப் பங்கு. நீர்ப்பகுதி வெளியேறினால் ரத்தம் கெட்டியாகி ஹெமட்டோகிரிட் ஏறும். வழக்கமாக 36 உள்ள பெண்ணுக்கு 43 ஆனால் அது சுமார் 20 சதவீத ஏற்றம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. பிளேட்லெட் 60,000 என்று சாறு அரைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த ஏற்றத்தைத் தவறவிட்டுவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை. சாறு குமட்டும், வயிற்றைப் புரட்டும், ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டும். லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து. பயனைவிடத் தொந்தரவே கூடுதல்.

மலைவேம்பு இலைச்சாறும் 2012-இல் இதோடு சேர்ந்து பிரபலமானது. அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு மரங்கள் உலவுகின்றன, ஒன்றின் பழம் நச்சு. தொடவே வேண்டாம்.

அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசினுக்கு அழற்சி அடக்கும் குணம் உண்மையாகவே உண்டு. ஜப்பானில் கல்லீரல் அழற்சிக்கு ஊசியாகவே போடுகிறார்கள். ஆனால் அது பொட்டாசியத்தை இறக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். நாளுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது ஐரோப்பிய அறிவுரை. தினம் சில கிராம் வேரைக் கஷாயமாக்கினாலே அதைத் தாண்டிவிடும். தொண்டைக்கு ஒரு சிறு துண்டை ஓரிரு நாள் மெல்லலாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதையும் விட்டுவிடுங்கள்.

செடியிலிருந்து மருந்தானவை

தாவரச் சேர்மம் என்றால் மென்மையானது என்ற எண்ணத்துக்குச் சரியான மறுப்பு நம் மாநில மலரிலேயே இருக்கிறது. செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள கால்ச்சிசின் வலிமையான அழற்சி அடக்கி, கீல்வாதத்துக்குப் பல்லாண்டுகளாகப் பயன்படும் மருந்து. இந்தச் சேர்மத்தை வைரஸ் நோயில் சோதித்த அளவுக்கு வேறெந்தத் தாவரச் சேர்மத்தையும் சோதித்திருப்பார்களா என்பது சந்தேகம். ரெக்கவரி ஆய்வில் மருத்துவமனையில் இருந்த 11,340 கோவிட் நோயாளிகளில் கால்ச்சிசின் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இரு பிரிவிலும் 21 சதவீதம் பேர் இறந்தார்கள். பலன் இல்லை. கிழங்கைத் தின்றால் உயிரே போகலாம், அந்த அளவுக்கு நஞ்சு. தூய சேர்மம், சரியான அளவு, பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள். அத்தனை இருந்தும் கோவிட்டில் அது தோற்றது. தட்டு ஆய்வோடு நிற்கும் சேர்மங்களை இதை மனதில் வைத்து எடைபோட வேண்டும்.

வெற்றிக்கதையும் உண்டு. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவின் சிக்கிமிக் அமிலம்தான் இன்ஃப்ளூயன்சா மருந்தான ஒசெல்டாமிவிருக்கு மூலப்பொருளாக இருந்தது. பல வேதிப்படிகள் கடந்தால்தான் அது மருந்தாகும். அன்னாசிப்பூக் கஷாயத்தில் அந்த மருந்து இல்லை. இன்ஃப்ளூயன்சா உறுதியான முதியவர், கர்ப்பிணி, நுரையீரல் நோயாளி ஆகியோர் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஒசெல்டாமிவிர் கேட்பதுதான் சரியான வழி.

எதோடு ஒப்பிடுகிறோம்?

இத்தனையையும் பாராசிட்டமால், நீராகாரம், ரத்தப் பரிசோதனை என்ற எளிய மூன்றோடுதான் ஒப்பிட வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலையும் வலியையும் குறைக்கும். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். வீட்டில் ஒரு நாளைக்கு 3 கிராமைத் தாண்டாமலிருப்பது பாதுகாப்பு. 4 கிராம் என்பது எட்டவே கூடாத எல்லை. சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைப் படித்துக் கூட்டிப் பாருங்கள். குழந்தைகளுக்கு எடைக் கணக்கு: கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 3.6 மில்லி, 120 உள்ள சிரப்பானால் 7.5 மில்லி. இரண்டையும் மாற்றி ஊற்றினால் இரட்டிப்பு அளவு போய்விடும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் ஆகியவை டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை கூடாது; ரத்தப்போக்கைத் தூண்டும்.

நீராகாரம் பெரியவருக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் அளவில்: ஓஆர்எஸ், இளநீர், கஞ்சி, மோர், ரசம். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் போனால் போதிய அளவு குடிக்கிறார் என்று பொருள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

டெங்குவுக்கான ரத்தப் பரிசோதனை: காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் என்எஸ்1, அதற்குப் பிறகு ஐஜிஎம் (உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்). முதல் மூன்று நாளுக்குள் ஒரு முழு ரத்த எண்ணிக்கை எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட அது கைகொடுக்கும். டெங்கு உறுதியானால் மூன்றாம் நாளிலிருந்து தினமும் எடுங்கள். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். சந்தேகத்துக்கு 104, அவசரத்துக்கு 108. கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், அளவு மீறிய சோர்வு, சில்லிட்ட கைகால்: இவற்றில் ஒன்று வந்தாலும் காய்ச்சல் இல்லாதபோதும் மருத்துவமனைதான். காய்ச்சல் விட்ட அன்றுதான் பலர் நிம்மதியாகி நீராகாரத்தைக் குறைக்கிறார்கள், கசிவு தொடங்குவதும் அன்றுதான்.

சிக்குன்குனியாவின் மூட்டு வலி

இங்கே மட்டும் ஒப்பீட்டின் முடிவு மாறுகிறது. காய்ச்சல் போன பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், விரலும் கணுக்காலும் வீங்கி வலிக்கும். டெங்கு இல்லை என்று தெளிவான பிறகு, வைரஸ் கட்டம் முடிந்த பத்து நாளுக்கு அப்பால், அழற்சியை அடக்குவது பொருத்தமான இலக்குதான். அப்போது மருத்துவர் சொல்லும் இபுபுரூஃபன் வகை மருந்துகள் முதலிடம் பெறும். வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்து அவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் குர்குமினை யோசிக்கலாம். தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நடந்த ஆய்வில் தினம் 1500 மில்லிகிராம் மஞ்சளின் செறிவூட்டிய சாறு, 1200 மில்லிகிராம் இபுபுரூஃபனுக்கு இணையாக நான்கு வாரத்தில் வலியைக் குறைத்தது. வயிற்று வலி குறைவாக இருந்தது. அது தேய்மானத்துக்கான சான்று, வைரஸ் மூட்டழற்சிக்கு அல்ல. ஆனாலும் மற்ற வாய்ப்புகள் அடைபட்டவருக்கு முயலத் தக்கது.

முயல்வதானால் பைப்பரின் இல்லாத தயாரிப்பு, உணவோடு, நான்கு வாரம். பித்தப்பைக் கல், கல்லீரல் நோய், ரத்தம் உறையாமைக்கான மருந்து இருந்தால் இந்த வழியும் அடைபட்டது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடல் அரித்தாலோ அன்றே நிறுத்திக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாதிப்பு உறுதியானால் 1800 180 3024 என்ற தேசிய மருந்துப் பக்கவிளைவு எண்ணில் தயாரிப்பின் பெயரையும் தொகுதி எண்ணையும் தெரிவியுங்கள். நான்கு வாரத்தில் வலி குறையவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள்; மூட்டுநோய் மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதத்தைத் தாண்டிய வீக்கத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் தேவையா என்று முடிவுசெய்ய வேண்டியவர் அவர்தான்.